விமானத்தைக் குனிந்து பார்க்கும் ஊர்! ஏற்காட்டு மலையும் மெரினா வானமும்

விமானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தலையை நிமிர்த்த வேண்டும் என்பதுதான் வழக்கம். சேர்வராயன் மலையில் அந்த வழக்கம் சில நேரம் தலைகீழாகிவிடும். இங்கே விமானத்தைக் குனிந்தும் பார்க்கலாம்!

கணக்கு எளிது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர். மலைக்குக் கீழே, ஓமலூர் அருகே கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையமோ சுமார் 300 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. வழக்கமான சரிவில் இறங்கும் ஒரு விமானம், ஓடுபாதைக்கு 10 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும்போது தரையிலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதாவது, மலை விளிம்பில் நிற்பவரின் காலுக்குக் கீழே!

மேகமும் புகைமூட்டமும் இல்லாத நாளாக இருந்து, நேரமும் கைகொடுத்தால், வயல்களுக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி நகர்வது தெரியும். சேலத்துக்கு விமானம் வருவதும் நிற்பதுமாக நீண்ட காலம் கண்ணாமூச்சி ஆடியது தனிக்கதை. மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் பறந்தது. பிறகு அது நின்றுபோய், 2023 அக்டோபரில் மீண்டும் சேவை தொடங்கியது.

லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் போன்ற காட்சி முனைகளுக்கு வருபவர்கள் பெரும்பாலும் கீழே தெரியும் ஊரைத்தான் தேடுவார்கள். 'அதோ சேலம், அதோ மேட்டூர் அணை' என்று கை நீட்டுவார்கள். ஒரு கையில் மிளகாய் பஜ்ஜி, மறு கையில் செல்போன். பள்ளத்தாக்கின் வெயிலில் சூடான காற்று மேலே ஏற, அதில் இறக்கை அசைக்காமல் வட்டமடிக்கும் பருந்தை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. எரிபொருள் இல்லாமல், சத்தம் இல்லாமல் நடக்கும் வான் சாகசம் அது. டிக்கெட்டும் கிடையாது!

மலையிலிருந்து இறங்கினால்தான் 'ஷோ'

பருந்து போதாது, போர் விமானம்தான் வேண்டும் என்றால் இந்த மலையை விட்டு இறங்கத்தான் வேண்டும். சேலத்திலிருந்து வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் போனால் பெங்களூரு. அங்கே எலகங்கா விமானப்படை தளத்தில், 1996-ல் தொடங்கிய 'ஏரோ இந்தியா' கண்காட்சி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. வடகிழக்கே சுமார் 340 கிலோமீட்டர் போனால் சென்னை. அங்கேதான் 2024 அக்டோபர் 6-ம் தேதி, இந்திய விமானப்படையின் 92-வது ஆண்டையொட்டி மெரினாவில் அந்தப் பிரமாண்ட சாகச நிகழ்ச்சி நடந்தது. மெரினா இப்படியொரு காட்சியைக் கண்டு 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சென்னைக்கு விமானம் புதிதல்ல. 1910 மார்ச்சிலேயே, மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்ப்சன் நிறுவனத்தின் உதவியுடன் தானே ஒரு விமானத்தைக் கட்டி, பல்லாவரத்தில் பறக்கவிட்டார். பிறகு பொதுமக்களுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு பறந்து காட்டினார். நம்ம ஊரின் முதல் 'ஏர் ஷோ' அதுதான் என்று சொல்லலாம். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழாவது ஆண்டே இது நடந்துவிட்டது.

கடல் ஏன் நல்ல மேடை?

விமான சாகசத்துக்கு மெரினா பொருத்தமான இடமாக இருப்பதற்குக் காரணம் அழகு மட்டும் கிடையாது. பார்ப்பவர்கள் மணலில், விமானங்கள் கடலுக்கு மேல் என இரண்டையும் பிரிக்க முடியும். கூட்டத்தின் தலைக்கு மேல் சாகசம் செய்யக் கூடாது என்பதை உலகம் கசப்பான அனுபவத்தில்தான் கற்றுக்கொண்டது. 1952 செப்டம்பர் 6-ம் தேதி, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ கண்காட்சியில் டி ஹாவிலண்ட் 110 விமானம் வானிலேயே உடைந்து கூட்டத்தில் விழுந்தது. விமானி, உடன் பறந்தவர், பார்வையாளர்கள் 29 பேர் என 31 உயிர்கள் போயின. அதன் பிறகு அங்கே பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. 1988-ல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் நடந்த விபத்து இன்னும் பெரியது. அதில் 70 பேர் இறந்தார்கள்.

ஆகவே, விமானம் ஏன் இவ்வளவு தள்ளிப் பறக்கிறது என்று இனி குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம். அந்த இடைவெளிதான் நம் பாதுகாப்பு.

அந்த இரண்டு மணி நேரம்

அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணி முதல் பகல் 1 மணி வரை நிகழ்ச்சி. ரஃபேல், சுகோய், தேஜஸ் என்று பேப்பரில் மட்டும் பார்த்த பெயர்கள் தலைக்கு எதிரே சீறின. இரண்டாம் உலகப் போர் காலத்து டகோட்டாவும் வந்தது. 1996-ல் உருவான 'சூரிய கிரண்' அணியின் விமானங்கள் ஒட்டிக்கொண்டு பறந்தன. கோவை அருகே சூலூரைத் தளமாகக் கொண்ட 'சாரங்' ஹெலிகாப்டர் அணியும் வந்தது. சாரங் என்றால் மயில். தோகை வரைந்த அந்தச் சிவப்பு ஹெலிகாப்டர்கள் ஒன்றையொன்று நோக்கி வந்து கடைசி நொடியில் விலகும்போது, குழந்தைகளோடு பெரியவர்களும் கூவியதில் ஆச்சர்யமில்லை.

ஒரு சின்ன விஷயம் தெரிந்தால் இந்த அனுபவம் இன்னும் இனிக்கும். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். மூன்று கிலோமீட்டர் தூரத்தில் பறக்கும் விமானத்தின் சத்தம் நம் காதுக்கு வர ஒன்பது நொடி ஆகும். அதற்குள் போர் விமானம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் முன்னே போயிருக்கும். சத்தம் வரும் திசையில் பார்த்தால் வெறும் வானம்தான் தெரியும். விமானம் போகும் திசையில், சத்தத்துக்கு முன்னால் தேட வேண்டும். 'எங்கே, எங்கே' என்று கேட்பவர்களுக்கும் 'அதோ' என்று காட்டுபவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

தரையில் நடந்தது

வானத்தில் எல்லாம் நொடி பிசகாமல் நடந்தது. தரையில் அப்படி இல்லை. சுமார் 15 லட்சம் பேர் திரண்டதாக அன்று மதிப்பிடப்பட்டது. வேளச்சேரி, சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையங்களில் நிற்கக்கூட இடமில்லை. உச்சி வெயிலில் நிழலில்லாத மணல். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேற, காமராஜர் சாலையும் அதைச் சேரும் தெருக்களும் திணறின. குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை என்று பலரும் குமுறினார்கள். ஏராளமானோர் மயங்கி விழுந்தார்கள். அன்று ஐந்து பேர் உயிரிழந்தார்கள்.

விமானம் பார்க்கப் போன ஐந்து பேர் வீடு திரும்பவில்லை. அந்த நாளைப் பற்றி எப்போது பேசினாலும் சூரிய கிரணோடு சேர்த்து இதையும் சொல்லியாக வேண்டும். போய் வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ரஃபேலின் உறுமலைவிட, திரும்பி நடந்த தூரமும் யாரோ முகம் தெரியாதவர் நீட்டிய தண்ணீர் பாட்டிலும்தான் முதலில் வந்து விழும். விமான சாகசம் நல்ல நினைவாவதும் கெட்ட நினைவாவதும் பெரும்பாலும் தரையில்தான் முடிவாகிறது.

வானத்தில் இருப்பவர்கள் எடுக்கும் ஆபத்து வேறு கதை. 2019 பிப்ரவரி 19-ம் தேதி, ஏரோ இந்தியா தொடங்குவதற்கு முந்தைய நாள், ஒத்திகையில் இரண்டு சூரிய கிரண் விமானங்கள் மோதியதில் விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார். 2025 நவம்பர் 21-ம் தேதி துபாய் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். அவரது உடல் முதலில் வந்து சேர்ந்தது சூலூருக்குத்தான். கொங்கு மண்ணுக்கு அது தூரத்துச் செய்தியாக இல்லை. விமானிகள் ஆபத்தை அறிந்து, பயிற்சி எடுத்து ஏறுகிறார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தவருக்கு அந்த ஆபத்து இருக்கவே கூடாது.

மலையில் நடக்கும் விமான சாகசம்

'அப்படியானால் கடற்கரையின் வெயிலை விட்டுவிட்டு, ஏற்காடு மாதிரி குளுகுளு மலையில் நடத்தலாமே!' என்று தோன்றலாம். உலகில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஆக்ஸால்ப் மலையில் அந்நாட்டு விமானப்படை இலையுதிர் காலத்தில் துப்பாக்கிச் சுடும் பயிற்சியையும் சாகசத்தையும் மக்களுக்குக் காட்டுவதுண்டு. பார்வையாளர்கள் 2,000 மீட்டருக்கும் மேலே மலைமுகட்டில் நிற்பார்கள். எஃப்-18 விமானங்கள் கண் மட்டத்திலும், சில நேரம் காலுக்குக் கீழேயும் பாயும். விமானியின் ஹெல்மெட் தெரியும் அளவுக்கு நெருக்கம்!

ஆனால், அந்த இடத்துக்குப் பஸ்ஸில் போய், தொங்கு நாற்காலியில் ஏறி, மிச்சத்தை நடந்துதான் கடக்க வேண்டும். நல்ல ஷூ, கம்பளி உடை, சாப்பாடு என்று என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். மேகம் சூழ்ந்தால் நிகழ்ச்சியே ரத்து. மலை எவ்வளவு பேரைத் தாங்குமோ, அவ்வளவு பேருக்குத்தான் விழா.

ஏற்காட்டுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் கோடை விழா. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, நாய்கள் கண்காட்சி என்று ஊர் களைகட்டும். 'ஏழைகளின் ஊட்டி'க்கு சேலம், நாமக்கல், தருமபுரி என்று சுற்றுவட்டாரமே குடும்பத்தோடு ஏறி வரும். மலை அகலமாகாது. 20 கொண்டை ஊசி வளைவுகளும் அப்படியேதான் இருக்கும். அதனால்தான் விழா நாட்களில் சேலத்திலிருந்து நேரே ஏறும் பாதையில் ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி போக்குவரத்தை ஒருவழியாக்குவது வழக்கமாகியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. 'பக்கத்திலிருக்கும் ஊருக்கு இப்படிச் சுற்ற வேண்டுமா?' என்பார்கள். ஆனால், வளைவில் எதிரெதிரே இரண்டு பஸ்கள் சிக்கி, பின்னால் நூறு கார்கள் நிற்கும்போது, மயங்கிய ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றி எப்படி இறக்குவது? பெருங்கூட்டம் வரும் எந்த இடத்திலும், மக்கள் எப்படி வருவார்கள் என்பதற்கு முன்னால், எப்படித் திரும்புவார்கள் என்று யோசிக்க வேண்டும்.

அடுத்த முறை போகிறீர்களா?

விமான சாகசமோ, மலர்க் கண்காட்சியோ, குடும்பத்தோடு கிளம்பும்போது சில விஷயங்களை மறக்காதீர்கள்.

* விழா நாளுக்கு முன் நடக்கும் ஒத்திகையைப் பார்க்க முடியுமா என்று விசாரியுங்கள். மெரினாவிலும் முந்தைய நாட்களில் ஒத்திகை நடந்தது. பெரும்பாலும் அதே விமானங்கள், கூட்டம் மட்டும் குறைவு.
* தண்ணீரை அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஆளுக்கொரு பாட்டில் வீட்டிலிருந்தே வரட்டும். தொப்பி, குடை, உப்பு - சர்க்கரைக் கரைசல் கட்டாயம்.
* போர் விமானத்தின் சத்தம் சின்னக் குழந்தைகளின் காதைப் பாதிக்கும். காதை மூடும் கருவி இல்லையென்றால், பஞ்சோடு நிற்காமல் கூடுதல் தூரத்தில் நில்லுங்கள்.
* கூட்டத்தில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. 'பிரிந்துவிட்டால் இங்கே சந்திப்போம்' என்று ஓர் இடத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் எண்ணை எழுதி வையுங்கள்.
* முடிந்ததும் ஓடாதீர்கள். கூட்டம் கலையும்வரை நிழலான இடத்தில் காத்திருப்பது, நெரிசலில் நடப்பதைவிட எவ்வளவோ மேல்.
* வயதானவர்களும் இதய நோயாளிகளும் டி.வி-யில் பார்ப்பதில் எந்தக் குறையும் இல்லை. தலை சுற்றினால் வெட்கப்படாமல் உடனே உதவி கேளுங்கள்.

ஏற்காட்டுக்கு வருபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. மே மாதக் கூட்டம் ஒத்துவராதவர்கள், மழைக்காலம் ஓய்ந்த பிறகு ஒரு வார நாளில் ஏறிப் பாருங்கள். காற்று கழுவிவிட்டதுபோல இருக்கும். காபித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே நடந்து, வெயில் ஏறிய பிறகு காட்சி முனைக்குப் போய் நில்லுங்கள். தரை சூடேறிய பிறகுதான் பருந்துகள் மேலே வரும். சேலத்துக்கு அன்று விமானம் எத்தனை மணிக்கு என்பதையும் செல்போனில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பி வேலியைத் தாண்ட மட்டும் வேண்டாம்!