இரண்டு பவுண்களும் ஒரு பெட்டியும்

சங்கம் வைப்பதிலும் அதைக் கட்டியாள்வதிலும் எம்மவர்க்கு ஈடு எவருமில்லை என்று நாம் ஒருகாலத்தில் எண்ணியிருந்ததுண்டு. ஊருக்கொரு வாசிகசாலை, அதற்கொரு தலைவர், ஒரு காரியதரிசி, ஒரு தனாதிகாரி, வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் தவறாமல் ஒரு சண்டை. இவையில்லாத கிராமம் யாழ்ப்பாணத்தில் உண்டோ? இந்தப் பெருமிதம் அயர்லாந்திலே எம்மிடமிருந்து பறிபோயிற்று. சரித்திரம் படிக்கவென்று அங்கு சென்றிருந்த நாம், 1997 ஆம் ஆண்டு வசந்தத்தில், அத்தீவின் பல்கலைக்கழக வரலாற்று மாணவர் சங்கங்கள் யாவும் கூடி அமைத்த ஒன்றியத்துக்குத் தனாதிகாரியாகத் தெரிவு செய்யப்பட்டோம். போட்டியின்றித் தெரிவானோம் என்று வீட்டுக்கு எழுதினோம். அப்பதவியை வேறெவரும் விரும்பவில்லை என்பதை எழுதவில்லை. தூரதேசத்துப் பிள்ளை, வடக்குக்கும் சொந்தமில்லை, தெற்குக்கும் சொந்தமில்லை, பணம் அவரிடம் இருந்தால் இரு பக்கமும் உறங்கலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

இந்த வடக்கு, தெற்கு விவகாரத்தை வாசகர்களுக்குச் சிறிது விளக்கவேண்டும். 1921 இல் அயர்லாந்து இரண்டாகப் பிரிந்தது. முப்பத்திரண்டு கவுண்டிகளில் இருபத்தாறு தனி அரசாகும் வழியிற் சென்றன. வடகிழக்கிலுள்ள ஆறு பிரித்தானியாவோடு நின்றன. ஆனால் பல்கலைக்கழகங்கள் எல்லைக்கோட்டைக் கேட்டுப் பிறந்தவையல்ல. டப்ளின் திரினிற்றிக் கல்லூரி 1592 இல் தோன்றியது. பெல்பாஸ்ற், கோர்க், கால்வே ஆகிய மூன்று நகரங்களின் கல்லூரிகளும் 1845 இல் ஒரே சட்டத்தின்கீழ் உடன்பிறந்த சகோதரிகள். கோடு கீறியபோது ஒருத்தி ஒரு நாட்டிலும் மற்ற இருவரும் இன்னொரு நாட்டிலுமாகப் போனார்கள். இதனால் மனமுடைந்து கைகட்டி இருந்துவிடாத பெருமை வரலாற்றறிஞர்களுக்கு உண்டு. 1936 இல் டப்ளினில் ஒன்றும் பெல்பாஸ்றில் ஒன்றுமாக இரண்டு ஆய்வுச் சங்கங்கள் எழுந்தன. இரண்டும் கைகோத்து 1938 இல் ஒரே சஞ்சிகையை வெளியிடத் தொடங்கின. ரி. டபிள்யூ. மூடி, றொபேட் டட்லி எட்வேட்ஸ் என்னும் இருவர் அதன் ஆசிரியர்கள். ஒருவர் வடக்கத்திப் புரட்டஸ்தாந்தர், மற்றவர் டப்ளின்காரர். பெரியவர்கள் காட்டிய வழியிலே சென்ற நூற்றாண்டின் நடுவில் மாணவர்களும் ஒன்றுகூடினர். திரினிற்றிக் கல்லூரிக்குப் போகவேண்டாம் என்று கத்தோலிக்கப் பிள்ளைகளை ஆயர்கள் தடுத்திருந்த காலம் அது. அத்தடை 1970 இலேதான் நீங்கியது. அப்படிப்பட்ட நாளிலும் வருடத்தில் ஒரு வார இறுதியில் எல்லாக் கல்லூரி மாணவரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து கட்டுரை படித்தார்கள் என்பதை நாம் பெரிய காரியமாகவே மதிக்கிறோம்.

பதவியேற்ற முதல் மாதமே எமக்கு வியர்த்துவிட்டது. “ஓடிற்றர்” என்று கையொப்பமிட்டு மூன்று கடிதங்கள் வந்தன. கணக்குப் பார்க்க வருகிறார்கள் என்றெண்ணி இரவிரவாகப் புத்தகத்தைப் புரட்டினோம். அந்நாட்டுப் பல்கலைக்கழகச் சங்கங்கள் பலவற்றில் தலைவரையே அப்பெயரால் அழைப்பார்கள் என்று பின்னர் ஒரு நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார். இன்னொன்று: திரினிற்றியிலே 1770 இல் தோன்றிய ‘வரலாற்றுச் சங்கம்’ ஒன்றுண்டு. பேரைப் பார்த்து ஏமாறக்கூடாது. அது சொற்போர்ச் சங்கம். வரலாறு படிக்கும் மாணவரின் சங்கம் வேறு. அந்த விவாதிகளுக்கு வரலாற்றுச் சந்தா கேட்டு நாம் சுற்றுநிருபம் அனுப்பியதை இன்று நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது.

ஒன்றியத்துக்குக் கட்டடம் இல்லை, மேசை இல்லை, சம்பளம் பெறும் எழுதுவினைஞர் இல்லை. உள்ளதெல்லாம் ஓர் அட்டைப்பெட்டி. அதை எமக்கு முன்னிருந்தவர் பேருந்துத் தரிப்பிடத்தில் வைத்துக் கையளித்துவிட்டு, பட்டம் பெற்றுக்கொண்டு லண்டனுக்குப் போய்விட்டார். மாணவர் சங்கத்தின் நோய் இதுதான். தொழில் தெரியவரும் நேரத்தில் ஆள் போய்விடுவார். பெட்டியினுள்ளே பழைய நிகழ்ச்சிநிரல்கள், கட்டாத சாப்பாட்டுப் பில் ஒன்று, ஒரு கணக்குப் புத்தகம். அப்புத்தகத்தை நாம் சரித்திரம்போல வாசித்தோம். 1979 வரை பணத்துக்கு ஒரேயொரு நிரல். அதன்பின் யாரோ பென்சிலால் நடுவே ஒரு கோடு கீறி இரண்டாக்கியிருந்தார். அவ்வாண்டு மார்ச்சில் ஐரிஷ் பவுண் ஸ்ரேளிங் பவுணுக்குச் சமம் என்ற பழைய ஏற்பாடு முறிந்தது. நாட்டைப் பிரித்த கோடு ஐம்பத்தெட்டு வருடங்கள் கழித்தே எமது கணக்குப் புத்தகத்தை வந்தடைந்திருந்தது.

இதையெல்லாம் வாசித்து இரசித்தவர் அதிலிருந்து பாடம் படித்திருக்கவேண்டாமா? படிக்கவில்லை. ஒவ்வொரு சங்கமும் ஒன்றியத்துக்கு ஐம்பது பவுண் சந்தா, மகாநாட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் பத்துப் பவுண் என்று சுற்றுநிருபம் எழுதி எல்லாத் திக்குக்கும் அனுப்பிவிட்டோம். எந்தப் பவுண் என்று எழுதவில்லை. அந்நாளில் ஸ்ரேளிங் பவுணே பெறுமதி கூடியது. தெற்கத்திச் சங்கங்கள் தமது பவுணில் ஐம்பது கட்டின. வடக்கத்திச் சங்கங்கள் தமது பவுணில் ஐம்பது கட்டின. நாமோ அனைத்தையும் ஐம்பது, ஐம்பது என்றே எழுதிக் கூட்டினோம். மாணவச் சங்கத்தின் வருமானம் எவ்வளவு? கல்லூரி கொடுக்கும் சிறு மானியமும், ஒக்ரோபரில் புதுமுக மாணவரை மறித்து நின்று சேர்க்கும் சந்தாவுந்தான். அதிலே சில பவுண் கூடப்போனாலும் நோகும்.

வடக்கே ஒரு சங்கத்தின் தலைவி எழுதிய கடிதம் எம்மிடம் நெடுநாள் இருந்தது. கோபமாக எழுதியிருந்தால் பதில் சொல்வது சுலபமாயிருந்திருக்கும். அவரோ நிதானமாக எழுதியிருந்தார். “நீர் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை அறிவேன். ஆனால் எமது அங்கத்தவரில் சிலர், தெற்கோடு சேர்ந்திருப்பதற்கு நாம் மட்டும் கூடுதல் விலை கொடுக்கிறோம் என்று பேசுகிறார்கள். பொதுக்கூட்டத்திலே விலகுவதற்கு ஒரு பிரேரணை வரலாம். என்னால் அதைத் தடுக்க முடியுமோ தெரியாது.” எமது தலைக்கறுப்பால் ஒரு சங்கம் விலகினால் அதைப் பார்த்து அடுத்ததும் விலகும் என்று நாம் கலங்கினோம்.

போதாக்குறைக்கு நிகழ்ச்சிநிரலில் ஒரு சொல் வந்து நின்றது. 1689 இல் நூற்றைந்து நாள் முற்றுகையைத் தாங்கிய நகரத்தைப் பற்றி ஒருவர் கட்டுரை படிக்கவிருந்தார். அந்நகரைத் தேசியவாதிகள் டெறி என்பர். பிரித்தானியப் பற்றாளர் லண்டன்டெறி என்பர். எதை அச்சிட்டாலும் பாதிப்பேர் முகஞ்சுளிப்பார்கள். கட்டுரையாசிரியர் படித்ததும் அந்நகரத்து மகீ கல்லூரியில்தான். மூன்று தொலைபேசி உரையாடல்களின்பின், ‘ஒரு நகர முற்றுகை’ என்று தலைப்பிட்டு, கல்லூரியின் பெயரை மட்டும் போட்டு, ஊரை விட்டுவிட்டோம். இது கோழைத்தனம் என்று ஒரு பேராசிரியர் சொன்னார். இருக்கலாம். அச்சகம் காத்திருந்தது.

மகாநாடு 1998 மார்ச் 6 ஆந் திகதி வெள்ளிக்கிழமை தெற்கே தொடங்கவிருந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு, செவ்வாயிரவு, பொயின்ற்ஸ்பாஸ் என்னும் வடக்கத்திக் கிராமத்தில் ஒரு மதுச்சாலைக்குள் புகுந்த ஆயுததாரிகள் இரண்டு நண்பர்களைச் சுட்டுக்கொன்றனர். ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் புரட்டஸ்தாந்தர். ஒருவருடைய கலியாணத்துக்கு மற்றவர் மாப்பிள்ளைத்தோழனாக இருக்கவிருந்தார். பெல்பாஸ்றிலிருந்து டப்ளினுக்கு வரும் புகையிரதம் அக்கிராமத்தை நிற்காமற் கடந்து வரும்.

புதன்கிழமை தலைவியைத் தொலைபேசியில் அழைத்தோம். வராமலிருப்பதானால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள், கட்டிய பணத்தையும் திருப்பித் தருகிறோம் என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “பதினொருவர் வருகிறோம். பணத்தைப் பற்றி அங்கே பேசிக்கொள்வோம்” என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை கொனொலி நிலையத்தில் நின்றோம். 1916 கிளர்ச்சிக்காகச் சுடப்பட்ட ஒருவருடைய பெயரை 1966 இல் அந்த நிலையத்துக்குச் சூட்டியிருந்தார்கள். வடக்கிலிருந்து வருபவர்களில் ஒருசாரார் முதலில் மிதிப்பது அவர்கள் விரும்பாத ஒரு பெயரையே. புகையிரதம் வந்தது. பதினொருவரும் இறங்கினார்கள். எமது ஊருக்குப் புகையிரதம் 1990 இல் நின்று போயிருந்தது. (2014 இல் அது மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது நாம் அங்கிருக்கவில்லை.) ஆகையால், எல்லையைத் தாண்டி நாளாந்தம் ஓடும் வண்டியொன்றை அவர்கள் சாதாரணமாகப் பார்த்தபோது நாம் சாதாரணமாகப் பார்க்கவில்லை. அதை அவர்களுக்குச் சொல்லவுமில்லை.

அந்தப் பதினொருவரில் ஒல்லியான ஓர் இளைஞர் இருந்தார். ஆமா கவுண்டிக்காரர், அந்தக் கிராமமும் அதே கவுண்டியைச் சேர்ந்தது. சனிக்கிழமை காலை அவர் படிக்கவிருந்த கட்டுரை, 1641 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் சாட்சிய ஏடுகளைப் பற்றியது. ஊரவர் அயலவரை வெட்டியதையும், போட்டடவுன் பாலத்தில் மனிதரை ஆற்றில் தள்ளியதையும் உயிர்தப்பியோர் சத்தியம் செய்து சொன்ன வாக்குமூலங்கள் அவை, முப்பத்தொரு தொகுதிகள். திரினிற்றிக் கல்லூரியில் இருந்தமையால் அவை பிழைத்தன. 1922 இல் டப்ளின் நீதிமன்றக் கட்டடத்திலிருந்த அரச ஆவணக் காப்பகம் எரிந்தபோது ஏழு நூற்றாண்டுப் பத்திரங்கள் சாம்பலாய் நகரத்தின் மேலே பறந்தன. அதை வாசிக்கும் யாழ்ப்பாணத்தவர் நெஞ்சில் எழும் நினைவை இங்கே எழுதவேண்டியதில்லை.

வெள்ளியிரவு தேநீர் மேசையில் அவர் எம்மிடம் வந்து, “இதை நாளைக்குப் படிக்கலாமா? நீர் என்ன நினைக்கிறீர்?” என்று கேட்டார். வெளியார் ஒருவரிடம் கேட்பது அவருக்கு இலகுவாயிருந்தது போலும். எமக்குப் பதில் தெரியவில்லை. நிகழ்ச்சிநிரலில் உமது பெயர் பத்து மணிக்கு இருக்கிறது, விரும்பினால் எடுத்துவிடுவோம் என்று மட்டும் சொன்னோம். இதைவிட நல்ல பதிலொன்று இருந்திருக்கவேண்டும். அந்த இரவு முழுவதும் அதைத் தேடினோம்.

காலையில் தெற்கத்தி மாணவர் ஒருவர் மௌன அஞ்சலி செலுத்தலாம் என்றார். தலைவி அவரை ஒருபுறம் அழைத்து, “வேண்டாம். குறித்த நேரத்தில் தொடங்குங்கள், அதுவே போதும்” என்றார். பத்து மணிக்கு இளைஞர் எழுந்தார். கொல்லப்பட்டோர் இலட்சக்கணக்கானோர் என்று பதினேழாம் நூற்றாண்டு நூல்கள் எழுதின. இன்றைய ஆய்வாளர் சில ஆயிரம் என்பர். தொகை எங்கே எவருடைய வாயில் பெருத்தது என்பதை ஏடு ஏடாகக் காட்டினார். ஆனால் தொகை குறைந்ததால் துயரம் குறைந்ததாக அவர் பேசவில்லை. ஒரு விதவையின் வாக்குமூலத்தில் அவள் இழந்த பசுக்கள், போர்வைகள், ஒரு வெண்கலப் பானை என்று பட்டியல் வரும். அவ்விடத்தில் அவருடைய குரல் சற்றுத் தாழ்ந்தது. நேரங்காப்பது எமது வேலை; இருபது நிமிடத்தில் மணியடிக்கவேண்டும். அடிக்கவில்லை. இருபத்தாறு நிமிடம் பேசினார்.

பிறகு கேள்விநேரம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோர்க்கிலிருந்து வந்த ஒரு பெண்தான் முதலிற் கை உயர்த்தினார். வாக்குமூலத்தை எழுதியவர்கள் சொன்னதை அப்படியே எழுதினார்களா, தமது சொல்லைப் புகுத்தினார்களா, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். இளைஞரின் முகம் தெளிந்தது. மையின் நிறம், அடித்தல் திருத்தல், ஒரே தொடர் பல வாக்குமூலங்களில் திரும்ப வருதல் என்று விளக்கத் தொடங்கினார். அதன்பின் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தேநீர் ஆறிப்போயிற்று.

ஞாயிறன்று பொதுக்கூட்டம். எமது கணக்கை எழுந்துநின்று படித்தோம். பிழை எமதே என்று சொல்லி, வடக்கத்திச் சங்கங்களுக்குத் திரும்பவேண்டிய தொகையை அறிவித்தோம். அதனால் அவ்வருடக் கணக்கில் மிஞ்சியது பதினான்கு ஐரிஷ் பவுண். விலகும் பிரேரணை வந்ததா? வந்தது. ஆனால் அதைக் கொண்டுவர இருந்தவர் தாமே எழுந்து, சொற்களை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டார். இனிமேற் சந்தா இரண்டு நாணயத்திலும் தனித்தனியே குறிக்கப்படவேண்டும் என்பதே திருத்திய பிரேரணை. நிறைவேறிற்று. அடுத்த தனாதிகாரியாக அந்தத் தலைவியே தெரிவானார். போட்டியில்லை.

பெட்டியைப் புகையிரத நிலையம் வரை சுமந்துகொண்டு போனோம். அவர் அதை வாங்குமுன் மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கட்டாத சாப்பாட்டுப் பில்லை எடுத்து, இது எந்த வருடத்தது என்று கேட்டார்; எமக்குத் தெரியவில்லை. பெற்றுக்கொண்டதற்கு ஒரு பற்றுச்சீட்டும் எழுதித் தந்தார். ஐந்து வாரம் கழித்து, ஏப்பிரல் 10 ஆந் திகதி பெரிய வெள்ளியன்று, பெல்பாஸ்றில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அன்றைக்கு நாம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம்.

2002 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரிடமிருந்து ஒரு தபாலட்டை வந்தது. தெற்கே ஐரிஷ் பவுண் போய் யூரோ வந்துவிட்டது, வடக்கே ஸ்ரேளிங் அப்படியே, ஆகவே பென்சிற்கோட்டை இப்போதைய தனாதிகாரி மையினாற் கீறிவிட்டாராம் என்று எழுதியிருந்தார். சாப்பாட்டுப் பில்லுக்கு உரியவர்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.