சந்தேகம் எதிராளிக்கே

நண்பர்களோடு ஆடும் டென்னிஸில் நடுவர் கிடையாது. நம் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று நாமேதான் சொல்லியாக வேண்டும். சந்தேகமா? பந்து உள்ளே. நடுவர் இல்லாத ஆட்டங்களுக்குச் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு வகுத்திருக்கும் நடைமுறை இதுதான். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த விதியும் இதுவே.

கொல்கத்தாவின் காளிகாட் மெட்ரோவில் இறங்கி ராஷ்பிகாரி அவென்யூவில் கிழக்கே நடந்தால் லேக் மார்க்கெட். தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழும் இடம். இந்தப் பக்கத்துப் பெரியவர்களின் காலை இரட்டையர் ஆட்டத்தில்தான் அந்த விதியின் அருமை புரிந்தது. வேகமாக வந்த சர்வீஸை எடுக்கத் தவறியவர் "அவுட்" என்றார். சர்வீஸ் கோட்டருகே நின்ற கூட்டாளி, "இல்ல மாமா, கோட்டுல பட்டுச்சு" என்றார். மாமா மறுபேச்சின்றிப் புள்ளியை விட்டுக்கொடுத்தார். கூட்டாளிகள் இருவரும் வேறு வேறாகச் சொன்னால் பந்து உள்ளே என்றுதான் கணக்கு.

மாமா பொய் சொல்லவில்லை. பின்கோட்டுக்கு அப்பால் நிற்பவர் சர்வீஸ் கோட்டைக் குறுக்கே பார்க்கிறார். கூட்டாளியோ கோட்டின் நீளவாக்கில் பார்க்கிறார். அவர் கண்ணுக்கே பந்துக்கும் கோட்டுக்கும் நடுவில் தரை தெரியும். அந்த இடைவெளியைக் கண்ணால் காணாமல் யாரும் 'அவுட்' சொல்லக் கூடாது. பந்தின் ஓரம் கோட்டில் உரசினாலே போதும், அது நல்ல பந்து.

களிமண் தளமென்றால் பந்தின் தடத்தைப் போய்ப் பார்க்கலாம். புல்லில் அது நடக்காது. 1920இல் தொடங்கிய கல்கத்தா சவுத் கிளப் புல்தரைக்குப் பேர்போனது. 1966 டேவிஸ் கோப்பையில் பிரேசிலின் தோமாஸ் கோச்சிடம் நான்காவது செட்டில் 2-5 என்று பின்தங்கியிருந்த ராமநாதன் கிருஷ்ணன் மீண்டு வந்து வென்றது அங்கேதான். அன்று கோட்டைப் பார்க்கத் தனி ஆட்கள் இருந்தார்கள். 2025இல் விம்பிள்டனே அவர்களை அனுப்பிவிட்டு மின்னணுக் கருவிக்கு மாறிவிட்டது. நம் காலை ஆட்டத்துக்குக் கேமரா வராது. வரவும் வேண்டாம் என்பேன்.

உண்மையில் சண்டை அதிகம் மூள்வது ஸ்கோரில்தான். அதற்கும் வழி இருக்கிறது: சர்வீஸ் போடுபவர் ஒவ்வொரு புள்ளிக்கு முன்பும் எதிராளி காதில் விழும்படி ஸ்கோரைச் சொல்லிவிட வேண்டும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது.