லண்டனுக்கு அடியில் ஒரு சுரங்கம்

சாக்கடையைப் பத்தி எழுதப் போறேன்னு சொன்னதும் என் பக்கத்து பெஞ்ச் தோழி மூக்கைப் பொத்திக்கிட்டாள். பொத்தட்டும். 1858-ஆம் ஆண்டு கோடையில் லண்டன் நகரமே அப்படித்தான் இருந்தது. தேம்ஸ் நதி நாறிய நாற்றம் தாங்காமல் பாராளுமன்றத் திரைச்சீலைகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்களாம்!

பிறகுதான் ஜோசப் பாஸல்ஜெட் என்ற பொறியாளர் செங்கல்லால் பெரிய பெரிய பாதாளச் சாக்கடைகளைக் கட்டினார். கழிவறைத் தண்ணியும் மழைத் தண்ணியும் ஒரே வழியில் போகும். அங்கதான் விஷயமே இருக்கு. பெருமழையில் அது நிரம்பிட்டா? வீட்டுக்குள் திரும்பி வரும். அப்படி வராமல் இருக்க, மிஞ்சியதை நதியில் விழும்படி வழி வைத்தார். ஆக, நதியில் கலந்தது கோளாறு இல்லை, திட்டமே அதுதான். வீட்டைக் காப்பாற்ற நதியைக் கொடுத்தார்கள்.

அவர் கணக்குப் போட்டது சுமார் 40 லட்சம் பேருக்கு. இப்போது அங்கே சுமார் 90 லட்சம் பேர். அதனால் சாதாரண மழைக்கே, சராசரியா வாரம் ஒருதடவை, நதியில் வழிய ஆரம்பித்தது.

அதைப் பிடித்து வைக்கத்தான் தேம்ஸ் டைட்வே சுரங்கம். நீளம் 25 கிலோமீட்டர், அகலம் 7.2 மீட்டர். உள்ளே ஒரு மாடி வீட்டையே நிறுத்தலாம்! பெரும்பாலும் நதிக்கு அடியிலேயே போகிறது. 2016-இல் வேலை தொடங்கி, 2025 பிப்ரவரியில் எல்லா இணைப்பும் கொடுத்து முடித்தார்கள். செலவு சுமார் 450 கோடி பவுண்டு. அதை அந்த ஊர் ஜனங்கள் தண்ணீர் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். இவ்வளவு காசைக் கொட்டுவதற்கு மழைத் தண்ணியைத் தனியாகப் பிரித்து மண்ணுக்குள் இறக்கலாமே என்று எதிர்த்தவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனா அவ்வளவு பழைய ஊரில் தெருத்தெருவா தோண்ட முடியுமா? எனக்குச் சுரங்கம்தான் சரின்னு படுது. அதுவும் எல்லாத்தையும் பிடிக்காது. ரொம்பப் பெரிய மழைக்கு இன்னமும் கொஞ்சம் வழியும்.

எங்க மாமா கழிவுநீர் லாரி ஓட்டுறார். முன்பு அவரே குழிக்குள் இறங்கி அடைப்பு எடுத்தவர். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கக் கூடாதுன்னு 2013-இல் சட்டம் வந்தது. அதுக்கு முன்னாடியே அவரோட கூட்டாளி ஒருத்தர் குழிக்குள் போய்த் திரும்பி வரவில்லை. மாமாவிடம் சுரங்கத்தின் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லாம் சரி பாப்பா, உள்ள சேறு தங்குனா யாரு இறங்குறது?" என்றார்.

"790 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு வச்சிருக்காங்க மாமா. தானா ஓடிடும். கடைசியில பெக்டன்ங்கிற இடத்துல பம்பு வச்சு மேல ஏத்திச் சுத்தம் பண்ணுவாங்க" என்றேன்.

"சரிவு இருந்தாலும் என்னிக்காவது ஒருநாள் ஆள் போய்ப் பார்த்துத்தான் ஆகணும். அவன் ஏறி வர வழியையும் வரை" என்றார்.

வரைந்திருக்கிறேன். பக்கத்தில் ஒட்டியிருக்கும் படத்தில் சிவப்பு மையில் இருப்பது அதுதான்.

– 9-ஆம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு