நாளைக்கும் வருவாங்களா ஆச்சி?

குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து ஆச்சி சொல்லிக்கொண்டிருந்தார். "வெள்ளனே எந்திச்சு தாத்தா இங்கதான் வருவாக. அக்கரை வரைக்கும் நீந்துவாக. ஈர வேட்டியோட முருகனைக் கும்பிடுவாக."

மாட்ரிட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த எட்டு வயதுப் பேத்தி தாமிரபரணியையே பார்த்தாள். "நாளைக்கும் வருவாங்களா ஆச்சி?"

ஆச்சிக்குப் பேச்சு வரவில்லை. தாத்தா இறந்து மூன்று வருடம் ஆகிறது. 'சாமிகிட்ட போயிட்டாங்க' என்றுதான் பிள்ளையிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

பிள்ளை எங்கே தடுக்கினாள் என்று அவளுடைய அம்மாவுக்கு உடனே புரிந்தது. கல்யாணமாகி மாட்ரிட் போன புதிதில், ஸ்பானிஷ் வகுப்பில் அவளும் இதே இடத்தில்தான் தடுக்கினாள்.

ஸ்பானிஷில் இறந்தகாலத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. 'நதார்' என்றால் நீந்துவது. ஒருநாள் நீந்தினார், முடிந்தது என்றால் 'நதோ'. அந்தக் காலத்தில் தினமும் நீந்துவார் என்றால் 'நதாபா'. நீந்திக்கொண்டிருந்தார் என்பதற்கும் அதே 'நதாபா'தான்.

விதி சுலபம். 'ஆர்' என்று முடியும் வினைகளுக்கு 'ஆபா'. 'ஏர்', 'ஈர்' என்று முடிபவற்றுக்கு 'ஈயா'. சாப்பிடுவது 'கொமேர்', அந்தக் காலத்தில் சாப்பிடுவார் என்றால் 'கொமீயா'. இதற்கு அடங்காதவை இருப்பது, போவது, பார்ப்பது என்ற மூன்றே மூன்று வினைகள்தான். இவ்வளவையும் மனப்பாடம் செய்தும், பழைய கதை என்றாலே 'நீந்தினார்' என்று நினைத்து 'நதோ' எழுதித் தப்பு வாங்குவாள்.

இப்போது அம்மா பேசியதைக் கேட்டதும்தான் அவளுக்கு உறைத்தது. பழைய வழக்கத்தைச் சொல்ல வீட்டில் யாருமே 'நீந்தினாக' என்பதில்லை. 'நீந்துவாக' என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் அது எதிர்காலம். ஆச்சியின் வாயில் அது முப்பது வருடத்துக் காலைப்பொழுதுகள்.

மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். "2023 டிசம்பர்ல வெள்ளம் வந்து இந்தக் கோயில் முங்குச்சே, வீடியோவுல பார்த்தோம்ல? அது வந்துச்சு, முடிஞ்சுபோச்சு. தாத்தா நீந்துனது அப்படி இல்ல. தெனமும். ஆச்சி 'நீந்துவாக'ன்னா, நீ சொல்ற 'நதாபா'."

"ஓ... நதாபா!" பிள்ளையின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே வாடியது. "அப்போ தாத்தா வர மாட்டாங்க."

"வர மாட்டாங்க கண்ணு."

மூன்று வருடமாக வீட்டில் யாருக்கும் சொல்ல வாய் வராத சொல் அது. மூன்று பேரும் சற்று நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது என்ன சொல்லு பிள்ளே, இன்னொரு தடவை சொல்லு" என்றார் ஆச்சி.

"நதாபா."

"நதாபா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. நதி மாதிரி."

பேத்தி ஆச்சியின் மடியில் சாய்ந்துகொண்டாள். "சாமி கும்பிட்டுட்டு தாத்தா என்ன செய்வாங்க ஆச்சி?"

இந்த முறை அவள் எந்தக் காலத்தைக் கேட்கிறாள் என்று ஆச்சிக்குத் தெரிந்தது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"நேரா வீட்டுக்கு வருவாக. வாசல்லயே நின்னு, 'காப்பி ஆச்சா?'ன்னு சத்தம் போடுவாக..."