பச்சைப் புள்ளி

மலைக்கோயில் படியேறும்போது ராகுகாலம் பார்க்கலாம் என்று காலண்டர் செயலியைத் திறந்தேன். திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி. மைக் ஓடுகிறது என்று அர்த்தம். ராகுகாலம் சொல்ல என் குரல் எதற்கு? எப்போதோ ‘அனுமதி’யை அழுத்தியிருக்கிறேன். அழுத்தியது என் கட்டைவிரல்தான்.

*

இந்தப் புள்ளி ஐபோனில் 2020-லும் ஆண்ட்ராய்டில் 2021-லும் வந்தது. ஐபோனில் கேமராவுக்குப் பச்சை, மைக்குக்கு ஆரஞ்சு. ஆண்ட்ராய்டில் இரண்டுக்கும் பச்சை. நாம் கேமராவையோ மைக்கையோ தொடாதபோது புள்ளி தெரிந்தால், மேலிருந்து கீழே இழுத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். எந்தச் செயலி என்று பெயரோடு காட்டும்.

*

1990-கள் வரை இந்த மலைக்கு உச்சிவேளையில் கழுகுகள் வரும். குருக்கள் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் காத்திருப்பார். அவை வரும் நேரம் ஊருக்கே தெரியும். போனுக்குள் யார், எப்போது வருகிறார்கள் என்பதுதான் தெரிவதில்லை.

*

அத்தை சொன்னார்: “மிக்ஸி வாங்கணும்னு உன் மாமாகிட்ட பேசினதோட சரிப்பா. சாயந்திரமே போன்ல மிக்ஸி விளம்பரம். ஒட்டுக் கேக்குதா இது?”

2018-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். திருட்டுத்தனமாக மைக்கைத் திறந்தது எதுவும் சிக்கவில்லை. சில செயலிகள் திரையைப் படம்பிடித்து வெளியே அனுப்பியது சிக்கியது. அத்தையிடம் கேட்டேன். மாமா அன்று மதியமே மிக்ஸி விலை தேடியிருக்கிறார், அதே வைஃபையில். தேடல், இருப்பிடம், வைஃபை எல்லாம் சேர்ந்தால் காது தேவைப்படாது.

*

2021-ல் பெகாசஸ் செய்தி வந்தது. தொடாமலே போனுக்குள் புகுந்து மைக்கையும் கேமராவையும் இயக்கும் உளவு மென்பொருள். உச்ச நீதிமன்றக் குழு பார்த்த 29 போன்களில் 5-ல் ஏதோ தீநிரல் இருந்தது; அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. அதெல்லாம் ஆள் பார்த்து ஏவுவது. அத்தைக்கு ஆபத்து பக்கத்துத் தெருவில்.

*

டிஸ்ப்ளே மாற்றப் பக்கத்துத் தெருக் கடையில் போனைக் கொடுக்கிறோம். கடைக்காரத் தம்பி பின் நம்பர் கேட்கிறார், சீட்டில் எழுதிக்கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம். கேலரி முழுக்கப் பெண்பிள்ளைகள் படம். சாம்சங்கில் ‘மெயின்டனன்ஸ் மோட்’, பிக்சலில் ‘ரிப்பேர் மோட்’ இருக்கிறது. போட்டுக் கொடுத்தால் போன் வேலை செய்யும், படம் தெரியாது.

*

ஒளிந்த கண் போனில் மட்டுமில்லை. 2018 டிசம்பர், சென்னை ஆதம்பாக்கம். பெண்கள் விடுதி அறைகளில் ஒளித்துவைத்த கேமராக்களைத் தங்கியிருந்தவர்களே கண்டுபிடித்தார்கள். விடுதி நடத்தியவர் கைதானார். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ-யில் 3 ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தரங்கம் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 24.8.2017-லேயே சொல்லிவிட்டார்கள்.

*

இரவு உட்கார்ந்து எண்ணினேன். என் போனில் மைக் அனுமதி 14 செயலிகளுக்கு. 3 போதும், மற்றதை எடுத்துவிட்டேன். அத்தை போனில் 22. அதில் ஒன்று கோலம் சொல்லித்தரும் செயலி. ஆண்ட்ராய்டில் ‘அமைப்புகள்’, ‘பிரைவசி’, ‘பெர்மிஷன் மேனேஜர்’. பத்து நிமிட வேலை. உங்கள் போனை முடித்ததும் வீட்டுப் பெரியவர்கள் போனையும் வாங்கிப் பாருங்கள். படத்தைக் காட்டி மிரட்டல் வந்தால் பணம் அனுப்பாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடச் சொல்லி, அந்த எண்ணையும் அதிலேயே சேமித்துக் கொடுங்கள்.