பின்பாரம்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

பதினொரு மணி கடந்த கையோடு மின்சாரம் போய்விட்டது. எங்கள் ஊர் சம்பூருக்கு மட்டுமென்று நினைத்தால் நாடு முழுக்கவாம். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் முட்டிவிட்டது என்று அமைச்சர் சொன்னதைப் பிறகு கைப்பேசியில் கேட்டோம். ஒரு குரங்குக்கு இலங்கை முழுதும் நின்றுபோகும் என்றால் எங்கள் வெல்டிங் பட்டறை எம்மாத்திரம்!

சும்மா இருந்த நேரத்தில்தான் தம்பி வந்தான். தங்கச்சி முறையானவளின் மருமகன். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். டொல்பின் வான் வைத்து மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலைக்கு ஹயர் ஓடுகிறான். விடியற்காலையில் சூடைக்குடாவில் மீனும் எடுக்கிறான்.

“மாமா, மீன்பெட்டிய உள்ளுக்க வச்சா சனம் ஏறுதில்ல. மேல் கரியர்ல வச்சா தண்ணி கண்ணாடியில வடியுது. தூக்கி ஏத்தவும் ரெண்டு பேர் வேணும். பின்னுக்கு ஒரு தட்டு அடிச்சுத் தாங்க. மீன் இல்லாத நேரம் மடிச்சு வைக்கிற மாதிரி.”

இழுவைப் பெட்டி ஒன்றை வானில் பூட்டி இழுத்துப் போகலாமே என்றேன். அதற்குத் தனிப் பதிவு, தனி இலக்கத் தகடு, நிறுத்த இடம், பின்னுக்கு எடுக்கும்போது படும் பாடு. வேறு வாகனம் வாங்கும் கதையும் இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை இந்த மாதம்தான் திறந்திருக்கிறார்கள். வரியைக் கேட்டால் பழைய வானின் மேல் அன்பு கூடுகிறது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு வானுக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து ஊற்றிய காலத்திலிருந்தே, ஒரே பயணத்தில் ஆளும் சாமானும் போகவேண்டும் என்பது எல்லாருக்கும் கணக்காகிவிட்டது.

கத்தாரில் வேலை செய்த காலத்தில் அமெரிக்க ஜீப்புகளின் பின்னால் இந்தத் தட்டைப் பார்த்திருக்கிறேன். வண்டியின் அடியில் இரண்டு அங்குலச் சதுரக் குழாய் ஒன்று வாய் திறந்தபடி இருக்கும். தட்டின் தண்டை அதற்குள் செருகி, குறுக்கே ஒரு பின் போட்டால் முடிந்தது. அங்கே அதில் குளிர்பெட்டியும் கூடாரமும் ஏற்றிப் பாலைவனத்துக்குப் போவார்கள். இங்கே ஏறப்போவது ஐஸும் உப்புத் தண்ணீரும்.

பெப்ரவரி 11, செவ்வாய்

வானை அளந்தேன். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இரண்டரை மீற்றர். பின் அச்சிலிருந்து பம்பர் வரை ஒரு மீற்றருக்குச் சற்று மேல். டொல்பினின் பின்கதவு மேலே தூக்கித் திறப்பது. சிக்கல் அங்கேதான் என்று அளவு நாடாவைச் சுற்றும்போதே விளங்கியது.

பெப்ரவரி 16, ஞாயிறு

மாட்டுவண்டி ஓட்டிய ஆட்களுக்கு நான் இன்று தாளில் போட்ட கணக்கு தேவைப்பட்டிருக்காது. அப்பா நெல்மூட்டை ஏற்றி முடித்ததும் நுகத்தைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் கொஞ்சம் இருக்கவேண்டும், நுகம் மாட்டின் கழுத்தில் மெல்ல அமரும் அளவுக்கு. கூடினால் மாடு குனிந்து இழுக்கும். பின்பாரமாகிவிட்டால் நுகம் மேலே எழும்பி, கழுத்துக் கயிறு தொண்டையை நெரிக்கும். லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சக்கர உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியிலும் அதே சட்டம்தான். ஓட்டுகிற ஆளே பெட்டியின் முன்னுக்கு இருப்பதால் கொக்கியில் எப்போதும் ஒரு கனம் இருக்கும். இழுவைப் பெட்டியின் மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவு கொக்கியில் அமரவேண்டும் என்று மேல்நாட்டுக் கைநூல்கள் எழுதுவதும் இந்த முன்பாரத்தைத்தான்.

வானின் முதுகில் தொங்கும் தட்டோ முழுக்க முழுக்கப் பின்பாரம். முன்பாரம் ஆக்க வழியே இல்லை.

இரண்டு மீன்பெட்டி, ஐஸோடு சேர்த்து 70 கிலோ. இரும்பு 20 கிலோ. ஆக 90. தட்டின் நடு, பின் அச்சிலிருந்து ஒன்றரை மீற்றர் தூரத்தில் வருகிறது. 90ஐ ஒன்றரையால் பெருக்கி இரண்டரையால் வகுத்தால் 54. முன் சக்கரங்களின் மேலிருந்து 54 கிலோ கழன்று போகிறது. கழன்றது எங்கும் காணாமல் போவதில்லை. பின் அச்சில் போய் ஏறும். அங்கே 90 அல்ல, 144 கிலோ. ஏற்றியவன் 90 கிலோ என்று நினைத்துக்கொண்டிருப்பான், வில்தகட்டுக்குத்தான் உண்மை தெரியும்.

டொல்பினில் சாரதி முன் அச்சின் மேலேயே இருக்கிறார், எஞ்சினும் அவருக்குக் கீழே. முன் கனம் தாராளம், அதனால் 54 போனாலும் ஸ்டேரிங் பிடி விடாது. ஆனால் தட்டை ஆழமாக அடித்தால்? தொண்ணூறு சென்ரிமீற்றர் ஆழம் இருந்தால் தம்பி நாலு பெட்டி வைப்பான். நாலு வைக்காவிட்டால் அவன் வியாபாரி இல்லை. அப்போது இரும்போடு 160 கிலோ, நடுப்புள்ளி 1.7 மீற்றர். முன்னால் கழன்று போவது 109 கிலோ, பின் அச்சில் ஏறுவது 269. மழை நாளில் மூதூர் வளைவில் திருப்பினால் வான் நேரே போகும்.

“80 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்” என்று பெயின்டால் எழுதலாம். வாசித்துவிட்டு ஏற்றுவார்கள். இடம் இருந்தால் சாமான் வரும், அது நம் ஊர் இயல்பு. ஆகவே தட்டின் ஆழம் 45 சென்ரிமீற்றர், அகலம் 110. இரண்டு பெட்டி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மூன்றாவதற்கு இடமே இல்லை. ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமலிருக்க, பக்கக் கம்பியைப் பெட்டியின் மூடி மட்டத்திலேயே நிறுத்திவிட்டு, கட்டுவதற்கான வளையத்தையும் அதற்குக் கீழேயே வைக்கப்போகிறேன்.

பெப்ரவரி 20, வியாழன்

செய்தி எப்படித்தான் பரவியதோ, கட்டைபறிச்சானிலிருந்து ஒருவர் ஓட்டோவோடு வந்து நிற்கிறார். தனக்கும் ஒன்று வேண்டுமாம். முடியாது என்று சொன்னேன். கோபித்துக்கொண்டார். ஓட்டோவுக்கு அச்சுக்கு அச்சு இரண்டு மீற்றர்தான். எஞ்சின் ஏற்கனவே பின்னால். முன்னால் ஒற்றைச் சக்கரம். அதிலிருந்து இருபது, இருபத்தைந்து கிலோவைக் கழற்றினால் ஹாண்டில் கையில் இருக்கும், சக்கரம் தெருவில் இருக்காது. காசுக்காக அந்த வேலையைச் செய்யமாட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

மடிப்பதற்கு மூன்று வழி. மேல்நோக்கி மடித்துக் கதவோடு சாத்துவது எளிது. கத்தாரில் பார்த்ததெல்லாம் அப்படித்தான். ஆனால் டொல்பின் கதவு மேலே எழும்பும்போது சாத்திய தட்டு மறிக்கும். அதோடு பின்விளக்கும் இலக்கத் தகடும் மறையும், பொலிஸ் முதலில் பார்ப்பதே அவற்றைத்தான். இரண்டாவது, அலுமாரித் தட்டுப்போல பம்பருக்கு அடியில் தள்ளிவிடுவது. காகிதத்தில் அழகு. வாசலிலிருந்து தார் வீதிக்கு ஏறும் மேட்டில் முதல் நாளே இரும்பு தேயும். அடியில் உதிரிச் சக்கரமும் தொங்குகிறது. மூன்றாவது, கதவு மாதிரிப் பக்கவாட்டில் திருப்புவது. நிறை முழுவதும் ஒரே பிணைச்சலில் தொங்கும்.

மேல்நோக்கி மடிப்பதையே எடுத்துக்கொண்டேன், ஒரு மாற்றத்தோடு. தட்டை நடுவால் இரண்டாகப் பிளந்தேன். வெளிப்பாதி உட்பாதியின் மேல் கவிழும். பிறகு இரண்டும் சேர்ந்து எழும்பி நிற்கும்போது உயரம் பம்பருக்குச் சற்று மேலே, கதவின் கீழ் விளிம்புக்குக் கீழேயே முடிகிறது. கதவு தடையில்லாமல் திறக்கிறது. மடித்த பாதியில் இன்னும் ஒரு நன்மை: 45 சென்ரிமீற்றர் தட்டு 23க்கு ஒடுங்கிப் போவதால், சந்தையில் பின்னால் நிற்பவன் முழங்காலை இடித்துக்கொள்ளமாட்டான்.

மார்ச் 8, சனி

இன்று முழுக்கப் பிணைச்சல்.

மடிகிற எந்த இரும்பிலும் முறிவது பிணைச்சல் ஆணிதான். காரணம், விரிந்து நிற்கும்போதும் பாரத்தை அதுவே தாங்கவேண்டும் என்று செய்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஆணியின் வேலை திருப்புவது மட்டும். தட்டு விரிந்து மட்டத்துக்கு வந்ததும், இரண்டு பக்கச் சட்டங்களின் முனையும் ஒன்றோடொன்று முகம் பொருந்தி முட்டவேண்டும். அந்த முட்டு மேலிருந்து வரும் கனத்தை வாங்கிக்கொள்ளும். ஆறு மில்லிமீற்றர் தகட்டில் முட்டுத் துண்டு வெட்டி ஒட்டினேன். ஆணியின் துளையைக் கொஞ்சம் நீளவாக்கில் அராவிவிட்டேன். பாரம் ஏறியதும் சட்டம் முட்டில் அமர்ந்து, ஆணி துளைக்குள் தளர்வாக நிற்கிறது. கையால் சுழற்றிப் பார்க்கலாம். சுழன்றால் சரி, இறுகினால் முட்டு அராவப்படவில்லை என்று அர்த்தம். பாரத்தோடு ஆணி சுழன்றபோது தம்பி நம்பவில்லை, தானும் ஒருமுறை சுழற்றிப் பார்த்தான்.

தண்டு செருகும் குழாயில் ஆட்டம் இருக்கிறது. ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளி பெரிதாகத் தோன்றாது. ஆனால் தண்டு குழாய்க்குள் 20 சென்ரிமீற்றர்தான் போகிறது. அங்கிருந்து 80 சென்ரிமீற்றர் தள்ளி, தட்டின் விளிம்பில், அது ஆறு மில்லிமீற்றர் ஆகிவிடும். ஒவ்வொரு பள்ளத்திலும் டக், டக் என்று அடித்து அடித்தே ஒட்டு வெடிக்கும். குழாயின் பக்கத்தில் துளை போட்டு, ஒரு நட் ஒட்டி, போல்ட்டை முறுக்கித் தண்டை மறுபக்கச் சுவரோடு நெருக்கிவிட்டேன். ஆட்டம் நின்றது.

வானோடு எதையும் ஒட்டவில்லை. குறுக்குச் சட்டத்தை வானின் நீளச் சட்டத்தோடு போல்ட் போட்டுத்தான் பூட்டியிருக்கிறேன். ஒட்டினால் சூடு பட்ட இடம் பலமிழக்கும், எண்ணெய்த் தாங்கியும் அருகில்.

மார்ச் 19, புதன்

லாண்ட்மாஸ்டர் இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்தவர் ஒரு இலங்கையர் என்று சொன்னால் பட்டறையில் ஒருவரும் நம்பவில்லை. ரே விஜேவர்தன. 1924இல் பிறந்து கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். 1950களில் அவர் வரைந்ததை இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பக்கத்து லாண்ட்மாஸ்டர் கம்பனி செய்து உலகமெல்லாம் விற்றது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்ப்படகு ஓட்டியவரும் அவர்தான். தானே செய்த சிறு விமானங்களில் பறந்தார்.

எனக்குப் பெரிதாகப் படுவது அவர் பிறகு செய்தது. ஹார்வர்டில் இந்த இயந்திரத்தைப் பற்றிப் பேசியபோது ஒருவர் கேட்டாராம்: நீங்கள் இயந்திரமயமாக்கியது விவசாயத்தையா, எருமையையா? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. இயந்திரம் எண்ணெய் குடிக்கும். எருமை பாலும் சாணமும் தரும், கன்றும் போடும் என்று தன் கண்டுபிடிப்புக்கு எதிராகவே ஊர் ஊராகப் பேசினார். 2010இல் காலமாகும்வரை மண்ணையும் மரத்தையும் பற்றியே அக்கறைப்பட்டார்.

அவருடன் முழுக்க உடன்பட என்னால் முடியாது. 2006 ஏப்ரலில் குண்டு விழத் தொடங்கியபின் இந்த ஊர் இடம்பெயர்ந்தபோது கிழவர்களையும் பிள்ளைகளையும் சுமந்தவற்றில் லாண்ட்மாஸ்டர் பெட்டிகளும் இருந்தன. கிளிவெட்டி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, 2015, 2016இல் காணிகள் விடுவிக்கப்பட்டுத் திரும்பி வந்தவர்களுக்கு ஓடும் கொட்டனும் சீமெந்தும் அதே பெட்டிகளில்தான் வந்தன. எருமை அவ்வளவையும் இழுத்திருக்காது. ஆனாலும் அவர் கேட்டுக்கொண்ட கேள்வி சரியானது: இது யாருக்கு உதவி? என் தட்டு இரும்புக் கடைக்காரருக்கு உதவுவதா, சூடைக்குடாவில் விடியற்காலை நிற்கிறவனுக்கு உதவுவதா?

ஏப்ரல் 5, சனி

இன்று கொழும்பிலிருந்தபடி இந்தியப் பிரதமரும் எங்கள் ஜனாதிபதியும் சம்பூர் சூரிய மின்நிலையத்தின் கட்டுமானத்தைக் காணொளியில் தொடக்கி வைத்தார்கள். 120 மெகாவாட். முன்பு இதே மண்ணில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் வருவதாக இருந்து, 2016இல் கைவிடப்பட்டது. புகை இல்லாமல் போனது நல்லது. அதற்கு எடுத்த காணியின் கதை இந்தக் குறிப்பில் அடங்காது.

ஏப்ரல் 12, சனி

புதுவருடத்துக்கு முன் ஓடிப் பார்த்தோம். சூடைக்குடாவில் இரண்டு பெட்டி ஏற்றினோம். இடுப்பு உயரம், ஒருவனே தூக்கி வைத்தான். மூதூர் தாண்டி, கிண்ணியாப் பாலத்தில் நிறுத்தி ஆணியைச் சுழற்றிப் பார்த்தேன். சுழன்றது. 2009இல் இந்த 396 மீற்றர்ப் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏற்றித்தான் வாகனங்களைக் கடத்துவார்கள். அந்தப் பாதையில் இந்தத் தட்டோடு ஏறியிருந்தால் பின்னால் நின்ற வாகனக்காரர் சண்டைக்கு வந்திருப்பார்.

திருகோணமலையில் மீனை இறக்கி, கழுவி, மடித்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வாடை இல்லை. ஒரு அக்கா ஏறும்போது மூக்கைச் சுழித்துப் பார்த்துவிட்டு, “இண்டைக்கு மீன் இல்லையா?” என்றார். தம்பிக்கு அதுவே போதும்.

ஐஸ் தண்ணீர் பின் சக்கரத்தின் பிறேக் பக்கம் தெறித்திருந்தது. அடியில் ஒரு சரிவுத் தகடும் குழாயும் வைத்து வலது ஓரமாக இறக்கிவிட்டேன். தட்டின் தளம் கம்பி வலைதான். தகடு போட்டால் உப்புத் தண்ணீர் தேங்கி ஒரு மழைக்காலத்துக்குள் தின்றுவிடும். ரெட் ஒக்சைட் இரண்டு பூச்சு, சதுரக் குழாய்களின் வாயெல்லாம் ஒட்டி அடைப்பு.

மே 3, சனி

மருமகள் சொல்கிறாள், பேடன்ற் எடுங்கள் மாமா என்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கிடைத்தால் 20 வருடப் பாதுகாப்பு. கண்டுபிடிப்பாளரை ஊக்குவிக்க 1979ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தில் அமைத்த ஆணைக்குழுவும் இருக்கிறது. ஆனால் உலகில் எங்கும் வெளிவராத புதுமையாக இருக்கவேண்டும் என்பது விதி. மடியும் தட்டுக்கு அமெரிக்காவில் எத்தனையோ பேடன்ற்கள் இருக்கின்றன. என்னுடையதில் எனக்கென்று சொல்லக்கூடியது மூன்றாவது பெட்டிக்கு இடம் விடாததுதான். அதை எந்த அலுவலகத்தில் பதிவது?

ஆகவே அளவுகளை இங்கேயே எழுதுகிறேன். தளம் 110க்கு 45 சென்ரிமீற்றர், அதற்கு மேல் வேண்டாம். தண்டு இரண்டு அங்குலச் சதுரக் குழாய், சுவர் கனம் ஆறு மில்லிமீற்றர். குறுக்கே போடும் பின் 16 மில்லிமீற்றர், ஸ்பிளிட் பின்னோடு. முட்டுத் துண்டு கட்டாயம். பிறேக் விளக்கும் சிவப்பு ஒளிதெறிப்பானும் தட்டின் வெளி விளிம்பிலும் இருக்கட்டும்; இலக்கத் தகடு மறையாமல் பாருங்கள். ஏற்றிய பிறகு வானின் முன்பக்கத்தை ஒருமுறை பாருங்கள், மூக்கு நிமிர்ந்து நின்றால் ஒரு பெட்டியை இறக்குங்கள். செய்ய விரும்பும் பட்டறைக்காரர் யாரும் காசு தரவேண்டாம். ஓட்டோவுக்கு மட்டும் அடிக்காதீர்கள்.