165 ஓட்டு வக்கீல்

ஓட்டு எண்ணிக்கை முடிந்த பிறகு ஓட்டுகளைக் காணோம் என்று தேடுவது நம் ஊர்ச் சமாசாரம் என்று நினைப்பவர்கள் ஃபேர்ஃபாக்ஸ் கதையைக் கேட்க வேண்டும்.

வாஷிங்டனிலிருந்து பொடோமாக் ஆற்றைத் தாண்டினால் வர்ஜீனியா மாநிலம். அதன் வடக்கு மூலையில் இருக்கிறது ஃபேர்ஃபாக்ஸ், மாநிலத்திலேயே மக்கள்தொகை மிகுந்த மாவட்டம். 2013 நவம்பர் 5 அன்று வர்ஜீனியாவில் தேர்தல். கவர்னர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் டெர்ரி மெக்காலிஃப் ஜெயித்தது அன்றிரவே தெரிந்துவிட்டது. அட்டர்னி ஜெனரல் பதவிக்குத்தான் முடிவு வந்தபாடில்லை. குடியரசுக் கட்சியின் மார்க் ஓபன்ஷைன் மயிரிழையில் முன்னிலை. ஜனநாயகக் கட்சியின் மார்க் ஹெர்ரிங் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

தேர்தல் கணக்குகளிலேயே மூழ்கிக் கிடக்கும் சிலர் ஃபேர்ஃபாக்ஸ் எண்களை உற்றுப் பார்த்தார்கள். வாக்குப்பதிவு நாளன்று வர முடியாதவர்கள் முன்கூட்டியே போடும் ஓட்டுகள், மாவட்டத்தின் ஒரு பகுதியில் மட்டும் சந்தேகப்படும்படி குறைந்திருந்தன. அதிகாரிகள் மறுபடி சரிபார்த்தபோது 3,000-க்கும் அதிகமான ஓட்டுகள் கணக்கில் சேராமலே கிடந்தது தெரிந்தது. பிறகு தலைநகர் ரிச்மண்டில் ஓர் எந்திரத்தின் ஓட்டுகள் கூட்டலில் விடுபட்டிருந்தன. கடைசியில் நவம்பர் 25 அன்று அதிகாரபூர்வ முடிவு வந்தது. ஹெர்ரிங் 11,03,777. ஓபன்ஷைன் 11,03,612. வித்தியாசம் 165.

நம் அரசியல் சட்டத்தில் மாநில அட்வகேட் ஜெனரலைப் பற்றிய பிரிவின் எண்ணும் 165தான். தற்செயல்தான் என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்கத் தூண்டுகிறது. அந்தப் பிரிவின்படி அவரை கவர்னர் நியமிக்கிறார். கவர்னர் விரும்பும்வரை பதவி. நடைமுறையில், முதல்வர் விரும்பும்வரை. ஆட்சி மாறினால் ராஜினாமாக் கடிதம் தயாராக இருக்கும். அவருடைய கட்சிக்காரர் மாநில அரசு. அந்தச் சொல்லுக்குத் தமிழில் உள்ள இரண்டு அர்த்தமும் இங்கே பொருந்தும்.

அமெரிக்காவில் 43 மாநிலங்கள் இந்தப் பதவிக்கு மக்களிடமே ஓட்டுக் கேட்கின்றன. வர்ஜீனியாவில் கவர்னர், துணை கவர்னர், அட்டர்னி ஜெனரல் மூவருக்கும் தனித்தனியாக ஓட்டு. மூவரும் ஒரே கட்சியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கவர்னரால் அட்டர்னி ஜெனரலை வீட்டுக்கு அனுப்ப முடியாது. கவர்னர் தொடர்ந்து இரண்டாவது முறை பதவி வகிக்க முடியாது. அட்டர்னி ஜெனரல் எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். ஆனால் யாருக்கும் அதிலேயே தங்கிவிட மனசில்லை. 'ஏஜி' என்றால் 'ஆஸ்பைரிங் கவர்னர்', அதாவது கவர்னர் பதவிக்கு ஏங்குபவர் என்று அங்கே ஒரு பழைய ஜோக் உண்டு.

ஜோக் சும்மா வரவில்லை. 2005-ல் இதே பதவிக்குக் குடியரசுக் கட்சியின் பாப் மெக்டானலும் ஜனநாயகக் கட்சியின் க்ரீ டீட்ஸும் மோதினார்கள். பதிவான ஓட்டுகள் 19 லட்சத்துக்கு மேல், வித்தியாசம் 323. மறு எண்ணிக்கையின்போது ஓட்டுச் சீட்டுகளை மீண்டும் எந்திரத்தில் செலுத்திப் பார்க்க வேண்டும் என்றது டீட்ஸ் தரப்பு. விசாரித்த மூன்று நீதிபதிகள் பெரும்பாலான இடங்களில் அதற்குச் சம்மதிக்கவில்லை. எந்திரம் அன்றைக்கு அச்சிட்ட கூட்டலையே மறுபடி கூட்டினார்கள். மெக்டானல் 360 ஓட்டில் ஜெயித்தார். 2009-ல் இதே இருவர் கவர்னர் பதவிக்கு மோதியபோது எண்ணிப் பார்க்கவே அவசியமில்லாத அளவுக்கு மெக்டானலுக்கு வெற்றி. 2014-ல் ஊழல் வழக்கில் அவர் தண்டிக்கப்பட்டதும், 2016-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்ததும் தனிக் கதை.

டீட்ஸுக்குக் கிடைக்காதது ஹெர்ரிங் காலத்தில் கிடைத்தது. இடையில் சட்டம் மாறியிருந்தது. 2013 டிசம்பரில் நடந்த மறு எண்ணிக்கையில் சீட்டுகளை மறுபடி எந்திரத்தில் ஓட்டினார்கள். எந்திரம் படிக்காமல் விட்டவற்றை மனிதர்கள் கையில் எடுத்துப் பார்த்தார்கள். வட்டத்தை நிரப்பாமல் டிக் அடித்தவர், பெயரைச் சுற்றிக் கோடு போட்டவர் என்று எந்த ஊரிலும் உண்டல்லவா? ஹெர்ரிங்கின் முன்னிலை ஏறிக்கொண்டே போனது. டிசம்பர் 18 அன்று ஓபன்ஷைன் தோல்வியை ஒப்புக்கொண்டார். இறுதிக் கணக்கில் வித்தியாசம் 907.

ஓபன்ஷைனுக்காக ஒரு நிமிடம் வருத்தப்படலாம். அவருடைய தந்தை ரிச்சர்ட் ஓபன்ஷைன் 1978-ல் செனட் பதவிக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளர். பிரசாரத்துக்குப் போய்த் திரும்பும்போது சிறிய விமானம் விழுந்து இறந்தார். மகனுக்கு அப்போது 16 வயது. 35 ஆண்டுகள் கழித்து மகன் மாநிலம் முழுவதும் ஓட்டுக் கேட்டு, ஜெயித்துவிட்டோம் என்று சில நாட்கள் நம்பி, தோற்றார். கூச்சல் போடவில்லை. வென்றவரை வாழ்த்திவிட்டு மாநில செனட்டுக்குத் திரும்பினார்.

இத்தனை அமளியும் ஒரு வக்கீல் வேலைக்காகவா? அதற்கான பதில் சில வாரங்களிலேயே கிடைத்தது.

2006-ல் வர்ஜீனியா மக்கள், திருமணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்று மாநில அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். ஆதரவு 57 சதவீதம். அப்போது மாநில செனட்டராக இருந்த ஹெர்ரிங்கும் அதை ஆதரித்தே வாக்களித்திருந்தார். இந்தத் தடையை எதிர்த்து நார்ஃபோக் நகரைச் சேர்ந்த இரண்டு ஆண்கள் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தடையைக் காப்பாற்ற மாநிலத்தின் சார்பில் வாதாட வேண்டியவர் அட்டர்னி ஜெனரல்.

2014 ஜனவரி 11 அன்று ஹெர்ரிங் பதவியேற்றார். பன்னிரண்டே நாளில், ஜனவரி 23 அன்று, வர்ஜீனியா இனி இந்தத் தடைக்காக வாதாடாது, வழக்குத் தொடுத்தவர்களின் பக்கம் நிற்கும் என்று அறிவித்தார். 2006-ல் தான் போட்ட ஓட்டு தவறு என்றார். 1954-ல் பள்ளிகளில் நிறவெறி, 1967-ல் கறுப்பர்-வெள்ளையர் திருமணத்துக்குத் தடை, 1996-ல் ராணுவக் கல்லூரியில் பெண்களுக்கு இடமில்லை என்ற விதி என மூன்று பெரிய வழக்குகளில் தன் மாநிலம் தவறான பக்கம் வாதாடியதை நினைவூட்டினார்.

குடியரசுக் கட்சிக்காரர்கள் கொதித்தார்கள். மாநில அரசியல் சட்டத்தைக் காப்பேன் என்று சத்தியம் செய்த வக்கீல், இரண்டு வாரத்துக்குள் எதிர்த்தரப்பு வக்கீலாவதா? 57 சதவீதம் பேர் போட்ட ஓட்டுக்கு என்ன மரியாதை? கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நாட்டின் அரசியல் சட்டத்துக்கு விரோதமானதைக் காப்பாற்றும் கடமை தனக்குக் கிடையாது என்பது ஹெர்ரிங்கின் பதில். ஆனால் எது விரோதம் என்று முடிவு செய்வது நீதிபதியின் வேலையா, வக்கீலின் வேலையா?

வழக்கு நிற்கவில்லை. தடையை ஆதரித்து நீதிமன்ற எழுத்தர்கள் தரப்பில் வாதாடினார்கள். பிப்ரவரியில் நார்ஃபோக் நீதிமன்றத்திலும் ஜூலையில் மேல்முறையீட்டிலும் தடை தோற்றது. அக்டோபர் 6 அன்று, மேல்முறையீட்டை ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்த அதே நாளில், வர்ஜீனியாவில் ஒரு பால் திருமணங்கள் தொடங்கின. ஓபன்ஷைன் ஜெயித்திருந்தால் மாநிலம் தடைக்காகத்தான் வாதாடியிருக்கும். தீர்ப்பு மாறியிருக்குமா என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மாநிலம் நீதிமன்றத்தில் என்ன சொன்னது என்பதை நிர்ணயித்தது, ஃபேர்ஃபாக்ஸில் மறந்து விடப்பட்ட ஓட்டுகளும் கையில் எடுத்துப் பார்த்த சீட்டுகளும்தான்.

ஹெர்ரிங்கை ஹீரோவாக்கிவிட்டுப் போக முடியாது. 2019-ல் அவரே ஒன்றை ஒப்புக்கொண்டார்: 1980-ல், 19 வயது கல்லூரி மாணவராக இருந்தபோது, ஒரு பார்ட்டிக்கு முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு போயிருந்தார். சரித்திரத்தில் மாநிலம் செய்த தவறுகளைப் பட்டியலிட்டவருக்கு இது சங்கடமான பக்கம். பதவி விலகவில்லை. 2021-ல் மூன்றாவது முறை நின்றபோது, கியூபாவிலிருந்து தப்பி வந்த பெண்ணின் மகனான ஜேசன் மியாரெஸிடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார்.

மியாரெஸ் 2022 ஜனவரி 15 அன்று பதவிக்கு வந்தார். கருக்கலைப்பு பற்றிய மிசிசிப்பி வழக்கு அப்போது உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. ஹெர்ரிங் காலத்தில் வர்ஜீனியா மிசிசிப்பி சட்டத்தை எதிர்த்து மனு கொடுத்திருந்தது. ஒரு வாரத்துக்குள் மியாரெஸின் அலுவலகம் கடிதம் எழுதியது: வர்ஜீனியாவின் கருத்து மாறிவிட்டது, கருக்கலைப்பு உரிமை தந்த பழைய தீர்ப்புதான் தவறு. அதே மாநிலம், அதே வழக்கு. இந்த முறை கொதித்தவர்கள் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். 2014-ல் கைதட்டியவர்கள் அவர்கள்.

நம் அட்வகேட் ஜெனரல் யாராவது இப்படித் தன் இஷ்டத்துக்குக் கட்சி மாறி வாதாடினால் மறுநாள் காலை பதவி இருக்காது. அது நிம்மதியா, குறையா என்பது எந்த வழக்கு என்பதைப் பொறுத்தது.

மியாரெஸும் இரண்டாவது முறை நின்றார். 2025 நவம்பர் 4 அன்று ஜனநாயகக் கட்சியின் ஜே ஜோன்ஸ் அவரைத் தோற்கடித்தார். வர்ஜீனியாவில் அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பர். வித்தியாசம் பெரிது. விடுபட்ட ஓட்டுகளைத் தேடும் வேலை அந்த முறை ஃபேர்ஃபாக்ஸில் யாருக்கும் வரவில்லை.